பதினெட்டுக் கிலோவில் தண்ணீர் எங்கே?

போடியில் என் மாமாவின் ஏலக்காய்க் கிட்டங்கியில் ஒரு மின்தராசு இருக்கிறது. ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டிவிடும். ஏலக்காய் வியாபாரத்தில் அந்த ஐந்து கிராமுக்கும் காசு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், மலையடிவாரத்திலுள்ள அவர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கப் புறப்பட்ட நான் என் முதுகுப்பையை அதில் தூக்கி வைத்தேன். 18 கிலோ 180 கிராம். மாமா பையைப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாப்ளே, இதுல தண்ணி எங்க?”

ஒரு லிட்டர் இருந்தது. அதாவது மொத்தச் சுமையில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினேன். அன்று தரையில் பரப்பியவற்றின் எடை நோட்டில் இன்னும் இருக்கிறது. காலிப் பை 2,300 கிராம். டென்ட் 2,900. ஸ்லீப்பிங் பேக் 1,700. படுக்க ரப்பர் பாய் 480. கைக்கோடரி, மடக்கு ரம்பம், வெட்டுக்கத்தி மூன்றும் சேர்த்து 1,450. கேஸ் அடுப்பு, குடுவை, பாத்திரங்கள் 1,250. அரிசி, பருப்பு, எண்ணெய், காய், மசாலா 2,400. துணிமணி 2,350. விளக்குகள், பவர் பேங்க், கயிறு, கொக்கிகள் 1,650. மருந்து, சோப்பு, சில்லறைப் பொருள்கள் 700. தண்ணீர் 1,000.

பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக், வெட்டுக் கருவிகள், அடுப்புச் செட்டு ஆகிய ஐந்துக்கு மட்டும் நான் கொடுத்திருந்த பணம் 19,200 ரூபாய்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து தோட்டம் ஐந்து கிலோமீட்டர். மாசியில் ஓடை வற்றியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் தோட்டத்தை அடையும் முன்பே தீர்ந்தது. சோறாக்க வேண்டும் என்றால் அரிசிக்கு இரண்டரை லிட்டர், குழம்புக்கும் ரசத்துக்கும் ஒன்றரை, கழுவிக் கொட்ட மூன்று என்று ஏழு லிட்டர் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து, சமைக்கக் கொண்டுவந்த பாத்திரத்திலேயே தளும்பத் தளும்பத் தூக்கி வந்தேன். கோடரியும் ரம்பமும் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

காட்டில் தங்கும் கலையைப் பற்றி உலகெங்கும் எழுதுகிறவர்கள் கோடரி, கத்தி, தீமூட்டி ஆகிய மூன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். தேனி மாவட்டத்தில் அந்தப் பட்டியலின் முதல் பக்கத்தையே கிழித்துவிடலாம். இங்குள்ள மலைக்காடு பெரும்பாலும் காப்புக்காடு அல்லது சரணாலயம். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. 30ஆம் பிரிவு தீ வைப்பதைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. வெட்டக் கூடாது, மூட்டக் கூடாது, நினைத்த இடத்தில் படுக்கக் கூடாது. இந்தத் தடைகளை நான் குறையாகப் பார்க்கவில்லை. என் பையிலிருந்து 1,450 கிராம் கருவியை ஒரு பைசா செலவில்லாமல் இறக்கி வைத்தது இந்தச் சட்டம்தான். இப்போது என்னிடம் இருப்பது 60 கிராம் எடையுள்ள ஒரு மடக்குக் கத்தி. அதுவும் பட்டா நிலத்துத் தோட்டத்தில், பழம் நறுக்க.

அனுமதியோடு காட்டுக்குள் நடக்க இன்று வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. எங்கள் மாவட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. முன்பதிவு செய்தவர்களோடு பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள். பகலில் ஏறிப் பகலில் இறங்கும் நடைக்கு டென்ட் வேண்டாம், படுக்கை வேண்டாம், அடுப்பு வேண்டாம். என் பழைய பட்டியலில் அந்த மூன்றும் 5,850 கிராம்.

குரங்கணி என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காய்ந்த புல்சரிவில் தீ சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. அந்த வாரம் போடியில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் வந்தன. இப்போது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். எந்தப் பைக்குள் எதை வைத்திருந்தாலும் காற்றோடு மேலேறும் புல்தீயிலிருந்து அது காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது எந்தத் தேதியில் போகிறோம் என்பதுதான். தேதிக்கு எடை கிடையாது. அதனால் அதைத் தராசில் வைக்க மறந்துவிடுகிறோம். என் நோட்டில் இப்போது முதல் வரியில் பொருளின் பெயர் இல்லை, மாதத்தின் பெயர் இருக்கிறது. மாசி, பங்குனி என்று வந்தால் பட்டியல் அங்கேயே முடிந்துவிடும்.

துணிக்கும் இதில் ஒரு வரி உண்டு. எடை குறையும் என்று எல்லாவற்றையும் நைலானாக மாற்றச் சொல்வார்கள். நைலானில் ஒரு வகை ஏறத்தாழ 220 டிகிரியில் உருகும், உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும், ஆனால் உருகாது. உடம்பை ஒட்டிப் போடுவதைப் பருத்தியாகவே வைத்திருக்கிறேன். இரண்டு ஜீன்ஸை எடுத்துவிட்டு நாலு முழ வேட்டியும் ஒரு துண்டும் வைத்தேன். வேட்டி இரவில் போர்வைக்கு உள்விரிப்பாகும், துண்டு வெயிலில் தலைப்பாகையாகும். துணிக் கணக்கு 2,350 கிராமிலிருந்து 750க்கு இறங்கியது. இதற்கும் செலவில்லை.

எடை குறைப்பதற்கு விலை இருக்கிறது. எல்லோரும் அதை ரூபாயில் பார்ப்பார்கள். நான் ஒரு கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்கிறேன். 2,900 கிராம் டென்டுக்குப் பதிலாக 1,300 கிராமில் ஒரு டென்ட் பார்த்தேன், விலை 28,000 ரூபாய். குறைவது 1,600 கிராம். கிராமுக்கு பதினேழரை ரூபாய். வாங்கவில்லை. 1,100 ரூபாய்க்கு ஒரு மெல்லிய நைலான் விரிப்பும், 350 ரூபாய்க்கு ஒரு ஒற்றை ஆள் கொசுவலையும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 960 கிராம். இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு கட்டி விரிப்பைப் போட்டால் மழைக்கும் பனிக்கும் போதும். பை தைக்கும் ஒருவரிடம் 900 ரூபாய் கொடுத்து, 800 கிராமில் எலும்பில்லாத ஒரு பை தைத்துக்கொண்டேன். உள்ளே போகும் சுமை குறைந்த பிறகு பைக்கு இரும்புக் கம்பியும் இடுப்புப் பட்டையும் தேவைப்படவில்லை. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் பையை மாற்றினால் அதை நிரப்பத்தான் தோன்றும். கடைசியில் மாற்ற வேண்டியது பை.

ஆக நான் புதிதாகச் செலவழித்தது 2,350 ரூபாய். அதனால் குறைந்தது 3,440 கிராம். கிராமுக்கு எழுபது பைசாவுக்கும் குறைவு. மீதி 7,640 கிராம் வெறுமனே வீட்டில் விட்டு வந்ததால் குறைந்தது.

சாப்பாட்டுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கலோரி. ஒரு கிலோ அவலிலும் அதே அளவுதான். ஆனால் அரிசிக்குப் பின்னால் அடுப்பும் கேஸும் பாத்திரமும் ஏழு லிட்டர் தண்ணீரும் வரிசையாக வந்து நிற்கும். அவல் கைப்பிடித் தண்ணீரில் நனைந்து சோறாகிவிடும். அவல் 500 கிராம், வெல்லம் 200, வறுத்த நிலக்கடலை 300, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 200, பேரீச்சை 100. மொத்தம் 1,300 கிராம், சுமார் 5,500 கலோரி. இரண்டு இரவுக்கு எனக்குப் போதுமானது. நிலக்கடலைதான் இதில் தாங்கு தூண். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல். எங்கள் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊர்ப் பெருமை அது. ஆனால் திராட்சையில் எண்பது சதவீதம் தண்ணீர், 100 கிராமுக்கு எழுபது கலோரிகூடத் தேறாது. அதைக் கம்பத்தில் பேருந்து ஏறும் முன்பு வயிற்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பையில் அல்ல. வாழைப்பழமும் அப்படியே. மூன்றில் ஒரு பங்கு தோல்.

இப்படி அடுப்புச் செட்டு 1,250 கிராம் போய், ஒரு எவர்சில்வர் டம்ளர் 120 கிராம் வந்தது. சூடான காபி இல்லாமல் மலையடிவாரத்துக் காலை கொஞ்சம் கஷ்டம்தான். அந்த ஏக்கத்தின் எடை 1,130 கிராம் என்று தெரிந்தபின் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

மருந்துப் பையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கக் கூடாது. அதிலும் எடுக்க வேண்டியவை இருந்தன. பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் ஒரு கருவியை 110 கிராம் எடையில் வைத்திருந்தேன். கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் பலன் தராது, கெடுதல்தான் செய்யும். விஷமுறிவு மருந்து ஒன்றே வழி. அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கடிபட்ட காலை அசைக்காமல் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போக முடியும் என்று முன்பே தெரிந்துவைத்திருப்பது அந்தக் கருவியைவிட மேல். அதை எடுத்துவிட்டு, உப்பு–சர்க்கரைக் கரைசல் பொடி ஆறு பாக்கெட் வைத்தேன். ஒரு பாக்கெட் 21 கிராம் இருக்கும், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அட்டைக்கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு, கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை, ஒரு விசில். எல்லாம் சேர்த்து 350 கிராம்.

மின்சாமான், கயிறு வகை 1,650இலிருந்து 430 ஆனது. இரண்டு விளக்குக்கு ஒன்று, பெரிய பவர் பேங்குக்குச் சிறியது, கொக்கிகள் இல்லை. ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் வீட்டுக் கம்பளி, 850 கிராம். மேகமலை உயரத்தில் மார்கழியில் இது பத்தாது. அடிவாரத் தோட்டத்துக்குத் தாராளம். ரப்பர் பாயை எடுக்கவில்லை. முதுகு சொன்னதைக் கேட்க வேண்டிய இடமும் உண்டு.

தண்ணீர் நீங்கலாக 17,180 கிராமாக இருந்தது இப்போது 6,100. குறைந்தது 11,080.

இந்தப் பதினோரு கிலோ உடம்புக்கு என்ன செலவு வைத்திருக்கும்? ஒரு கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க 9,800 ஜூல் வேலை. தசையின் திறன் நாலில் ஒரு பங்கு என்று கொண்டால் உடம்பு எரிப்பது சுமார் 9.4 கலோரி. பதினோரு கிலோவுக்கு 104 கலோரி. அதில் முக்கால் பங்கு வெப்பமாகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற 135 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். கணக்குப் போட்டபோது இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் சுமை இந்த வழியில் மட்டும் தண்ணீர் குடிப்பதில்லை. நடையைத் தாமதமாக்கி அதிகம் குடிக்கிறது. வெயிலில் ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். கனமான பையால் இரண்டு மணி நேரம் கூடினால் இரண்டு லிட்டர் வரை போய்விடும். குறைத்த பதினோரு கிலோவில் இரண்டு கிலோவைத் தண்ணீராகத் திருப்பி வைத்தேன். இப்போது என் பையில் 3 லிட்டர். மொத்தம் 9,100 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மாமாவின் கேள்விக்கு இதுதான் என் பதில்.

சுமையைக் குறைத்து நடந்தவர்கள் வெளியுலகில் நிறையப் பேர். அமெரிக்காவில் ‘நெஸ்முக்’ என்ற பெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் வெளியிட்ட நூலில், தன் படகு, கம்பளிப் பை, தூண்டில், இரண்டு நாள் உணவு எல்லாம் சேர்ந்தே 26 பவுண்டைத் தாண்டியதில்லை என்கிறார். 11.8 கிலோ. அவருக்காக 1883இல் கட்டப்பட்ட ஒரு படகே பத்தரைப் பவுண்டுதான். எம்மா கேட்வுட் 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை 3,300 கிலோமீட்டரையும் தனியாக நடந்தார். தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. அந்தத் துணிப்பையைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் எங்கள் சாலையில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கம்பம் வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்களின் தலையில் இருப்பது இருமுடி. முன்முடி சாமிக்கு, பின்முடி தனக்கு. தலையில் தூக்க வேண்டும் என்ற ஒரே விதி எடைக்கு வரம்பு கட்டிவிடுகிறது. முதுகுப்பையில் இன்னொன்றைத் திணிக்கலாம், தலைச்சுமையில் முடியாது. அதையும் குறைக்கச் சொன்னார்கள். 2024இல் மண்டல காலத்தை ஒட்டித் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் போன்றவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அங்கே பயன்படாமல் குப்பையாகிறவை, தீ ஆபத்தும் உண்டு. நூற்றாண்டுகளாகக் கட்டிய முடிச்சையே அவிழ்த்துப் பார்த்து எது தேவை என்று கேட்க முடிகிறது என்றால், கடையில் வாங்கிய பையைக் கேட்பதில் என்ன தயக்கம்?

எனக்கு உண்மையான பரீட்சை சித்ரா பௌர்ணமி. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் காட்டுவழி சுமார் 6.6 கிலோமீட்டர். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும் போகலாம். கோயில் கடல்மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தை 900 மீட்டர் என்று வைத்தால், நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்குப்படி, அதாவது ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று பார்த்தால், 2 மணி 50 நிமிடம். அது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை வெயிலுக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொண்டேன்.

அன்று பையைச் சலித்தேன். கிட்டங்கியில் ஏலக்காயை 8 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள், சிறியது கீழே விழும், பெருவட்டு மேலே நிற்கும். அதேபோல் மேலே நின்றவை: துண்டு, மருந்துப் பை, 250 கிராம் கடலை மிட்டாயும் அவலும், 3 லிட்டர் தண்ணீர். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பதால் எவர்சில்வர் பாட்டில்கள். அவற்றின் எடை மட்டும் 900 கிராம், தவிர்க்க வழியில்லை. பையோடு 5 கிலோ 400. எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெரியம்மாவிடம் மஞ்சப்பை ஒன்றுதான். அதில் தூக்குச்சட்டியும், சிறிய தண்ணீர்க் குடுவையும். வழியில் நின்று, “தண்ணி இருக்காப்பா?” என்று கேட்டார். அரை லிட்டர் ஊற்றினேன். “நீ வச்சுக்கப்பா, மேல வெயில் ஏறும்” என்று பாதியிலேயே கையைக் காட்டித் தடுத்தார். நான் நிறுத்தவில்லை.

மேலே போய்ச் சேர 3 மணி 40 நிமிடம் ஆனது. இறங்கும் வழியில், அடிவாரத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பாட்டில் காலி. மறுநாள் கிட்டங்கிக்குப் போய்ப் பையை அப்படியே தராசில் வைத்தேன். 2 கிலோ 170. அவலும் கடலை மிட்டாயும் 60 கிராம் மிச்சம். மருந்துப் பையில் கரைசல் பொடி இரண்டு குறைந்திருந்தது.

நோட்டில் அந்த வரிக்குக் கீழே அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்: அவல் 50 கிராம் குறைக்க. தண்ணீர் 4 லிட்டர், அதில் அரை லிட்டர் வழியில் கேட்பவர்களுக்கு.